ஏலே ஏட்டியின் மூணாவது பாட்டு

சென்னை, வளசரவாக்கம்
9 ஜூன் 2024

அன்புள்ள வள்ளி அக்காவுக்கு,

தம்பி இசக்கிமுருகன் எழுதிக்கிட்டது. நான் தின்னு, தூங்கி, நல்லபடியா இருக்கேன். பசுவந்தனையில நீயும் சக்திகுமார் அத்தானும் சுகமா? நம்ம ஊரு எப்போதும்வென்றான்ல அம்மாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கு?

காயிதத்தைப் பாத்ததும் நீ திட்டுவே. "போன் எதுக்குல இருக்கு? வாயைத் தொறந்து பேசு"ம்பே. வாட்சப்ல எழுதினாலும் அடுத்த நிமிசமே கூப்பிட்டுருவே. போனை எடுத்தா எனக்குத் திக்கும், நீ "மெதுவா, மெதுவா"ம்பே, அதுல இன்னும் திக்கும். காயிதத்துலதான் நான் ஒழுங்கா பேசுதேன். நீ டீச்சர் படிப்புக்கு ஹாஸ்டல்ல இருந்தப்ப எழுதின மாதிரியே எழுதுதேன். கோவிச்சுக்காத.

பாட்டுக் கம்பெனியில ஒரு ரூம் குடுத்திருக்காவ. ஜன்னலைத் தொறந்தா அடுத்த வீட்டுச் சுவருதான். நம்ம முதல் பாட்டு 'ரேஷன் கடை' இன்னமும் ஓடுதாம். 'சிலேட்டு' அதுக்குக் கொஞ்சம் கம்மி. இன்னும் நாலு பாட்டு செஞ்சா ஆறையும் சேத்து வெளியிடலாம்னு ஜெயகிருஷ்ணன் சார் சொல்லுதாரு. இங்க எல்லாம் அவருதான். மூணாவதுக்கு நான் 'மேகாத்து' மெட்டைப் பாடிக் காட்டினேன். மேக்க இருந்து வாரக் காத்தை வச்சு, அப்பா இருக்கையில நாம வீட்டுல உக்காந்து கட்டினோமே, அது. அப்பா தவறி ரெண்டு வருசமா நாம அதைத் தொடல. சார் கண்ணை மூடிக் கேட்டாரு. "உங்க அக்கா கொரல் மேல போற இடம் இருக்குல்ல, அதான் பாட்டே"ன்னாரு.

போன வாரம் எஃப்.எம்.ல பேட்டி. அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே பேரு கேட்டுச்சு. எனக்கு 'இ'யிலேயே நின்னுபோச்சு. இ... இ... அவ்வளவுதான். அந்த இடத்தை வெட்டிட்டு, "ஏலே ஏட்டி ஜோடியில இவர்தான் ஏலே"ன்னு போட்டுட்டாவ. ஏட்டி நீ இருந்திருந்தா பேசியிருப்பே. மெட்டு நான் கட்டுதது, பேச்சு நீ பேசுதது, அதுதான நம்ம ஏற்பாடு? ஆடி பொறந்ததும் வாரேன்னு சொன்னே. வந்துரு.

அத்தானைக் கேட்டதாச் சொல்லு. அம்மாட்ட நான் ரெண்டு வேளை சோறு திங்கேன்னு சொல்லு.

ஒன் தம்பி
முருகன்

பசுவந்தனை
2 ஜூலை 2024

ஏலே முருகா,

அக்கா எழுதுதேன். ஒன் காயிதம் கெடச்சுது. அம்மா முட்டிக்குத் தைலம் போட்டுக்கிட்டு நடமாடுதா. அத்தான் லோடு ஆட்டோவுல தீப்பெட்டி பண்டலை ஏத்திக்கிட்டுக் கோவில்பட்டிக்கும் இங்கனைக்குமா அலையுதாவ. எனக்கும் ஒண்ணும் கொறையில்ல. நீ எப்படி இருக்க?

பதில் போட நாளாயிட்டு. வேலை. நீ காயிதம் போட்டதுக்கு இந்தத் தடவை திட்டல. எழுது, நெறைய எழுது. நானும் எழுதுதேன். போன் வேண்டாம். இங்கன டவர் சரியில்ல, பேசுததுல பாதி வெட்டிப்போவுது.

பேட்டிக்கு ஒரு வழி சொல்லுதேன் கேளு. பாடும்போது ஒனக்குத் திக்குதா? இல்லல்லா. அப்ப பேரையும் பாடு. 'ரேஷன் கடை' மெட்டுலயே "இசக்கிமுருகன் நாந்தான், எப்போதும்வென்றான் ஊருதான்"னு எடுத்துவிடு. சிரிச்சா சிரிக்கட்டும்.

ஆடியில வர முடியாது போலுக்கு. பள்ளிக்கூடத்துல ஒரு டீச்சர் பிரசவத்துக்குப் போயிட்டா, அவ வகுப்பும் என் தலையில. நீ ஒன் பங்கைப் பாடி வை. நான் வந்து என் பங்கை ஒரே நாள்ல முடிச்சிருதேன்.

பரோட்டாவையே தின்னுக்கிட்டுத் திரியாத. துணியைத் தொவச்சு வெயில்ல போடு.

அக்கா
வள்ளிமயில்

சென்னை
14 ஜூலை 2024

அன்புள்ள அக்கா,

நான் சுகம். ஒங்க எல்லாரு சுகமும் இப்படியே இருக்கணும். அம்மாவுக்குத் தைலம் தீந்திருந்தா சொல்லு, இங்கிருந்து அனுப்புதேன்.

பாடினேன்! ஒரு காலேஜ் விழாவுல மேடையேத்தி, "உங்க பேரு?"ன்னாவ. 'இ' வரப்போவுதுன்னு தெரிஞ்சுபோச்சு. கண்ணை மூடிக்கிட்டு நீ சொன்ன மாதிரியே எடுத்துவிட்டேன். அப்புறம் பிள்ளைக எல்லாம் கைதட்டி அதையே திருப்பிப் பாடுச்சு. இப்ப எங்க போனாலும் பேரைப் பாடச் சொல்லுதாவ. பேசச் சொல்லல. நான் பொழைச்சேன்.

என் பங்கைப் பாடி வச்சாச்சு. இங்க சவுண்ட் பாக்குதது கருத்தப்பாண்டி அண்ணாச்சி, விளாத்திகுளத்துக்காரரு. "அக்கா எப்போ வாராவ?"ன்னு அவரும் கேட்டுக்கிட்டேதான் இருக்காரு. பல்லவியில ஒனக்குன்னு ஒரு இடம் கூட்டியிருக்கேன். "மேகாத்தே மேகாத்தே, சேலையக் கொண்டுபோனே, என்னையும் கொண்டுபோயேன்." அந்தக் கடைசி 'போயேன்' முன்ன இருந்ததை விட மேல. நீ எப்பவும் "இன்னும் ஏத்துல, இன்னும் ஏத்து"ம்பியே, அதுக்காகவே ஏத்தினேன்.

ஆவணியில ஸ்டுடியோ தேதி கெடச்சிருக்கு. லீவு கேட்டு எழுது. டிக்கெட்டு நான் போடுதேன்.

எல்லாருக்கும் என் அன்பு.

முருகன்

பசுவந்தனை
25 ஆகஸ்ட் 2024

ஏலே முருகா,

அக்கா எழுதுதேன். நாங்க எல்லாரும் இருக்கோம். ஒன் ஒடம்பு எப்படி? மழையில நனையாத.

ஆவணித் தேதிக்கு வர முடியாமப்போச்சு. கம்பெனியில கோவிச்சாவளா? இங்கன ஒண்ணு மாத்தி ஒண்ணு வேலை. அம்மாவையும் ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன், முட்டிக்குத்தான், பயப்படாத.

நீ பேரைப் பாடின வீடியோவை அத்தான் காமிச்சாவ. பத்துப் பன்னெண்டு தடவை போட்டுப் போட்டுப் பாத்தேன். ஒன் மூஞ்சியில பயமே இல்லலே.

யோசிச்சுப் பாத்தேன். அந்த 'போயேன்' அம்புட்டு ஒசரம் வேணுமா? அப்படித்தான் வேணும்னா அங்கனயே யாரையாவது பாட வையேன். 'ரேஷன் கடை'யில கோரஸ் பாடினாளே சாத்தூர்க்காரப் பிள்ளை, காளீஸ்வரி, நல்லா ஏறுத கொரலு. ஜெயகிருஷ்ணன் சாருக்கும் தேதி தள்ளாது. எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது.

தலைக்கு எண்ணெய் வை.

வள்ளி அக்கா

சென்னை
1 செப்டம்பர் 2024

அக்கா,

நான் நல்லா இருக்கேன். நீ நல்லா இருக்கியா? இதை மொறைக்குக் கேக்கல, நெசமாவே கேக்கேன்.

ஒன் காயிதத்தை மூணு நாளா திருப்பித் திருப்பிப் படிக்கேன். "ஒரு வருத்தமும் கெடையாது"ன்னு நீயா எழுதினே? புதூர் கோயில் கொடை விழாவுல ஒன் வரியை இன்னொருத்தி பாடிட்டான்னு மேடையிலேயே மைக்கைப் பிடுங்கினவல்லா நீ? அப்பா கீழ நின்னு தலையில கை வச்சுக்கிட்டாரு. நான் ஒன் வரியில ஒரு எழுத்தை மாத்தினாக்கூட ரெண்டு நாளு சோறு போட மாட்டே. இப்ப முழுப் பங்கையும் தூக்கி அடுத்தவ கையில குடுங்குத.

என் மேல கோவமா? நான் மட்டும் மேடையேறி பேரு வாங்குதேன்னு இருக்கா? இருந்தா திட்டு. அத்தானுக்கு நீ பாடப்போறது புடிக்கலயா? அதையாவது சொல்லு.

காளீஸ்வரி நல்ல பிள்ளை. ஆனா அவ ஒன் இடத்துல பாட எனக்கு மனசு ஒப்பல. நீ வர முடியாட்டா போவுது, போன்லயே பாடிப் பதிஞ்சு அனுப்பு. பழைய மெட்டையே பாடு, புதுசா ஏத்தினது வேண்டாம். அதை வச்சு இங்க வேலையை ஆரம்பிச்சிருதோம். மீதியை நீ வந்து பாடலாம்.

அம்மாவுக்கும் அத்தானுக்கும் கும்பிடு.

முருகன்

பசுவந்தனை
20 செப்டம்பர் 2024

ஏலே முருகா,

நீ சுகமா இருக்கணும். இங்கன புரட்டாசி மழைக்கு எல்லாரும் காட்டை உழுது போட்டுட்டுக் காத்துக்கிட்டிருக்காவ.

ஒன் மேல எனக்கு என்னலே கோவம்? அத்தான் மேலயும் பழி போடாத. என் பாட்டை லோடு ஆட்டோவுல சத்தமா வச்சுக்கிட்டு ஊரைச் சுத்துத மனுசன் அவிய.

'மேகாத்து' பழைய மெட்டை நேத்து பாடி அத்தான் போன்ல இருந்து அனுப்பியிருக்கேன். கேட்டுக்கோ. வீட்டுல வச்சுப் பாடினது, கொஞ்சம் எரைச்சலா இருக்கும். போதும்லா?

அக்கா

சென்னை
28 செப்டம்பர் 2024

அக்கா,

எல்லாரும் சுகமா இருப்பீங்கன்னு நம்புதேன். நம்பத்தான் பாக்கேன்.

நீ அனுப்பினதை ஸ்டுடியோவுல கருத்தப்பாண்டி அண்ணாச்சிகிட்ட குடுத்தேன். ஹெட்போன்ல போட்டுச் சத்தத்தைக் கூட்டினாரு. ஒன் கொரலு மணி மாதிரி. எனக்கு அப்பதான் மூச்சே வந்துது. ரெண்டாவது சரணம் முடியுத இடத்துல அவரு நிறுத்தினாரு.

"தம்பி, பின்னாடி யாரோ பேசுதாவ. அதை எடுத்துரவா?"

"போ... போடுங்க, கேப்போம்"ன்னேன்.

முதல்ல இருமல். அப்புறம் கதவு. அப்புறம், "பாடுங்க, பாடுங்க. நான் செருப்பெடுக்க வந்தேன்."

அப்பா.

அண்ணாச்சி என் மூஞ்சியைப் பாத்துட்டு ஹெட்போனைக் கழட்டி வச்சுட்டு வெளியே போயிட்டாரு. நான் அங்கனயே உக்காந்திருந்தேன்.

நேத்து பாடினேன்னு எழுதினியே அக்கா. இது அப்பா இருந்தப்ப பாடினது.

அப்புறம்தான் ஒவ்வொண்ணா நெனச்சுப் பாத்தேன். போன் வேண்டாம்னே. நான் ரெண்டு தடவை கூப்பிட்டப்பவும் அத்தான்தான் எடுத்தாவ. ஒரு தடவை நீ குளிக்கன்னாவ, ஒரு தடவை கடைக்குப் போயிருக்கன்னாவ. கோவில்பட்டி ஸ்டேசன்ல என்னை ரயிலேத்திவிட்ட அன்னைக்கு "ஏலே, சோத்தை ஒழுங்காத் தின்னு"ன்னு பிளாட்பாரமே திரும்பிப் பாக்கக் கத்தினே. அதுக்கப்புறம் ஒன் கொரலை நான் கேக்கவே இல்ல.

என்ன ஆச்சு? மறைக்காம எழுது.

முருகன்

பசுவந்தனை
13 அக்டோபர் 2024

என் தம்பி முருகனுக்கு,

முதல்ல ஒண்ணு. நான் உசுரோட, நடமாட்டத்தோட, நல்லா இருக்கேன். அதை மனசுல வச்சுக்கிட்டு மீதியைப் படி.

கழுத்துல ஒரு கட்டி இருந்துச்சு. தை மாசமே அம்மா பாத்துட்டுச் சொன்னா. திருநெல்வேலியில பெரிய டாக்டர்கிட்டக் காமிச்சோம். தைராய்டுன்னாரு, எடுக்கணும்னாரு. "கொரலுக்குப் போற நரம்பு பக்கத்துலயே இருக்கும்மா. எவ்வளவு பாத்துச் செஞ்சாலும் சில பேருக்குக் கொரலு மாறும். நீ பாடுற பிள்ளைங்குத, யோசிச்சுக்கோ"ன்னு முன்னாடியே சொல்லிட்டாரு. அதனால அவரு மேல ஒரு குத்தமும் இல்ல. விட்டா வேற எதாவது ஆயிருமோன்னு பயமா இருந்துச்சு. ஒன்னை ரயிலேத்திட்டு, அடுத்த மாசமே போய்ப் படுத்துட்டேன். கட்டியில கெட்டது ஒண்ணும் இல்லன்னு வந்துட்டு.

ஆனா கொரலு போச்சுலே. பேச்சு வருது, கரகரன்னு வருது. மேல போகப்பாத்தா ஒண்ணுமே இல்ல, காத்துதான். வீட்டுக்கு வந்த புதுசுல ஆடுகளைக் கூப்பிட்டேன். ஒண்ணுகூடத் திரும்பல. என் கொரலுக்குக் கம்மாய்க்கு அந்தாண்ட இருந்து ஓடிவாரதுக அதுக. இப்ப பள்ளிக்கூடத்துல பிள்ளைகளைக் கூப்பிட விசில் வச்சிருக்கேன். ஒரு டீச்சரும் பிரசவத்துக்குப் போகல.

ஏன் சொல்லலன்னு கேப்பே. சென்னைக்குப் போவணும்னாலே ஒனக்குக் காய்ச்ச வரும். ஒரு வழியா போனே. தெரிஞ்சா அடுத்த ரயிலுக்கே வந்து என் கட்டில்கிட்ட உக்காந்திருப்பே, திரும்பிப் போயிருக்க மாட்டே. அத்தானையும் அம்மாவையும் வாயைத் தொறக்கக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன்.

அப்பா கொரலு அதுல இருந்தது சத்தியமா எனக்குத் தெரியாதுலே. இந்தப் போன்ல அது கேக்கல. அந்த இடத்தை மட்டும் தனியா எடுத்து அனுப்பு. அம்மாவுக்குப் போட்டுக் காமிக்கணும்.

வேலையை விட்டுட்டு வந்துராத. காளீஸ்வரியைப் பாட வை.

ஒன் அக்கா
வள்ளி

பசுவந்தனை
22 அக்டோபர் 2024

ஏலே முருகா,

சாப்பிட்டியா? ஒனக்குத் தொண்டை கட்டிருக்கும், வெந்நி குடி.

நேத்து சாயங்காலம் நீ கூப்பிட்டப்ப நான்தான் எடுத்தேன். மூச்சுச் சத்தம் கேட்டிருக்கும் ஒனக்கு. வாயைத் தொறக்க எனக்குத் தைரியம் வரல. அதான் எழுதுதேன்.

"அ... அ... அக்கா"ன்னு சொல்லவே எம்புட்டு நேரம் ஆச்சு ஒனக்கு! 'மெதுவா'ன்னு என் வாய் வரைக்கும் வந்துது. முழுங்கிட்டேன். நீ வச்சுட்டுப் போயிருவேன்னு நெனச்சேன். போகல.

"நீ பே... பேச வேண்டாம். நா... நான் பேசுதேன். நீ கேளு. எனக்கு ஒன் ஒ... ஒசரம் வேண்டாம்க்கா. நீ கொரலு போயி வீட்டுல க... கெடக்கும்போது நான் மே... மேடையில பேரைப் பாடிக்கிட்டு இருந்திருக்கேன். அதான் எனக்குப் பொ... பொறுக்கல"ன்னே. அப்புறம் அழுதே. அழும்போது திக்கவே இல்லலே ஒனக்கு.

நானும் இங்கன அழுதேன், சத்தம் வராம. அத்தான் வந்து என்னன்னு கேட்டாவ. "தம்பி போன்ல பேசுதான்"னேன். என் கரகரக் கொரலு ஒனக்கும் கேட்டிருக்கணும். ஒன் அழுகை நின்னுபோச்சு.

நீ அனுப்பின அப்பா கொரலை அம்மா கேட்டா. அழுவான்னு நெனச்சேன். "செருப்பு வாசல்லதான கெடந்துச்சு, உள்ள என்ன தேடினாரு?"ன்னா. அப்புறம் திரும்பவும் போடச் சொன்னா.

தீபாவளிக்கு வா. அதிரசம் சுடுதேன்.

அக்கா

சென்னை
8 டிசம்பர் 2024

அன்புள்ள அக்கா,

இங்க நான் சுகம். ஒனக்குத் தொண்டைக்குப் பயிற்சி குடுக்காவளே, விடாம போறியா? அம்மா, அத்தான் எல்லாரையும் விசாரிச்சேன்னு சொல்லு.

தீபாவளிக்கு வந்தப்ப நீ உளுந்து பொடைச்சுக்கிட்டே 'மேகாத்து'வை முணுமுணுத்தே. என்னைப் பாத்ததும் நிறுத்திட்டே. கீழ, ரொம்பக் கீழ, உழுது போட்ட காட்டுல நடக்குத மாதிரி இருந்துச்சு அது. அதுல இருந்து எனக்கு வேற எதுவும் ஓடல. மெட்டை இறக்கி, ஒன் கொரலு நிக்குத இடத்துல வச்சுத் திரும்பக் கட்டினேன். அந்தக் கடைசி 'போயேன்' மட்டும் மேலயேதான் இருக்கு. அதை நான் பாடுதேன்.

ஜெயகிருஷ்ணன் சார்கிட்டப் போனேன். நானே பேசினேன், பாடல. அவரு கடிகாரத்தைப் பாத்தாரு, நான் நிறுத்தல. எல்லாத்தையும் சொன்னேன். அவரு கெட்டவரு இல்லக்கா. "கஷ்டமாத்தான் இருக்கு முருகன். ஆனா ஜனங்க கேட்டது அந்தக் கொரலை. காளீஸ்வரி பாடினா ஆறு பாட்டும் உண்டு. இல்லன்னா இதோட முடிச்சுக்குவோம்"ன்னாரு.

"மு... முடிச்சுக்குவோம் சார்"னேன்.

ரூமைக் காலி பண்ணணும். பதறாத, ஊருக்கு மூட்டை கட்டல. கருத்தப்பாண்டி அண்ணாச்சி அவரு கூடவே தங்கச் சொல்லிட்டாரு. விளம்பரங்களுக்கு மெட்டுப் போடுத வேலையும் வாங்கிக் குடுத்திருக்காரு. பொங்கலுக்கு அவரும் ஊருக்கு வாராரு, நல்ல மைக் ஒண்ணைக் கையோட கொண்டு வாரேங்காரு. கோவில்பட்டியில கல்யாண வீடியோவுக்குப் பாட்டுப் பதியுத ஸ்டுடியோ இருக்குல்லா, அங்கன வச்சு 'மேகாத்து'வைப் பதிஞ்சு நாமளே வெளியிடுவோம்.

வருவியா? வேண்டாம்னா வேண்டாம்னு எழுது. நான் கேக்க மட்டும்தான் செய்யுதேன்.

தம்பி
முருகன்

பசுவந்தனை
19 டிசம்பர் 2024

ஏலே கூறுகெட்டவனே,

ஒன் சுகத்துக்கு அக்கா சாமி கும்பிடுதேன், புத்திக்கும் சேத்து. வந்த கம்பெனியை விட்டுட்டு நிக்கியே! ரெண்டு நாளா ஒன்னைத் திட்டிக்கிட்டேதான் அடுப்படியில நின்னேன். அத்தான் சொல்லுதாவ, "நீ திட்டும்போது கொரலு நல்லா வருதுட்டி"ன்னு.

நீ போன்ல பாடி அனுப்பின அந்தப் புது மெட்டைக் கேட்டேன். கதவைச் சாத்திக்கிட்டுப் பாடிப் பாத்தேன். இது என் கொரலே இல்ல, யாரோ பாடுதான்னு முதல்ல இருந்துச்சு. நாலஞ்சு தடவைக்கு அப்புறம் அவளை எனக்குக் கொஞ்சம் புடிச்சுது.

வாரேன். ஆனா பல்லவியில 'சேலை'ங்குத இடத்தை இழுக்காத, எனக்கு மூச்சு நிக்காது, அதை வெட்டு. பல்லவி முதல்ல நான்தான் எடுப்பேன். மேல நீ பாடு. கீழ நான் இருக்கேன்.

பொங்கலுக்கு ஒனக்கும் அண்ணாச்சிக்கும் இங்கனதான் சாப்பாடு.

வள்ளி

பசுவந்தனை
6 ஏப்ரல் 2025

அன்புத் தம்பி முருகனுக்கு,

அக்கா எழுதுதேன். வெயிலு மண்டையைப் பொளக்குது, மத்தபடி வீட்டுல எல்லாரும் தெம்பா இருக்கோம். அண்ணாச்சி வீட்டுல ஒன்னை நல்லா வச்சிருக்காவளா?

இப்பல்லாம் ஞாயித்துக்கிழமை தவறாம நீ போன் பண்ணிருத. இதைப் போன்லயே சொல்லியிருக்கலாம். ஆனா இது எழுதணும்போல இருந்துச்சு.

நம்ம பாட்டு 'ரேஷன் கடை' மாதிரி ஓடலன்னு நீ வெசனப்படுத. பாட்டுக்குக் கீழ ஜனங்க எழுதிப் போட்டதையெல்லாம் அத்தான் வாசிச்சாவ. "அக்கா எங்கே?"ன்னு ஒருத்தன். "அந்த ஆம்பளக் கொரல் யாரு?"ன்னு ஒருத்தன். அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. ஒன்கிட்டச் சொல்லல.

நேத்து கோவில்பட்டிக்குப் போக பஸ் ஏறினேன். நல்ல கூட்டம். டிரைவர் பாட்டுப் போட்டாரு. நாலாவதோ அஞ்சாவதோ, நாமதான்! யாரும் திரும்பிப் பாக்கல. எனக்குக் காதெல்லாம் சூடாயிட்டு. பக்கத்துல ஒரு பொம்பளை, மடியில மிளகாய்ச் சாக்கு. முழுசும் கேட்டா. ஒன் 'போயேன்' மேல போச்சுல்லா, அப்ப கண்ணை மூடினா. முடிஞ்சதும் என் பக்கம் திரும்பி, "யாரு தாயி இது, கீழ பாடுதது? ஆம்பளையா பொம்பளையான்னே தெரியல. நெஞ்சுக்குள்ள போவுது"ன்னா.

நான் எதுவும் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். வாய் நிக்கல.

"நான்தான் பாடினேன்"னேன்.

யாரு நம்புவா? பஸ்ஸுல ஒருத்தி ஒக்காந்துக்கிட்டு நான்தான்னு சொன்னா நானே நம்ப மாட்டேன். அவ என் மூஞ்சியைப் பாக்கல, கழுத்துத் தழும்பையும் பாக்கல. என் கொரலைத்தான் கேட்டா. கேட்டதும் சாக்கைத் தள்ளி வச்சுட்டு என் கையைப் புடிச்சுக்கிட்டா.

"ஆமா, நீதான்"ன்னா.

அடுத்த பாட்டை எப்போ கட்டப்போற?

அக்கா
வள்ளிமயில்